வெனிஸ் கார்டன்ஸில் ஒரு பூஜ்யம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வெனிஸ் கார்டன்ஸ் என்று பெயர் வைத்தவர் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும். கார்டன் கிடையாது. ஆனால் நவம்பர் மாதம் வெனிஸ் தவறாமல் வந்துவிடும். மேடவாக்கம் தாண்டி, தான் ஏரியாக இருந்ததை இன்னும் மறக்காத ஒரு நிலத்தில் எங்களைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நீச்சல் குளம் உண்டு. அதில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நீந்துகின்றன. மெட்ரோ ரயில் வரப்போகிறது. எனக்குக் கல்யாணம் ஆனபோதும் அது வரப்போகிறதாகத்தான் இருந்தது.

என் பெயர் திருநாவுக்கரசு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், அடுத்தவர்களுக்கு நேர்ந்த நஷ்டத்தை நம்ப மறுக்கும் வேலை. மாலையில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன், அன்றைய கூட்டத்துக்கு நான் போகவில்லை என்பதுதான் காரணம். பதவிக்கு வந்ததும் வளாகம் முழுக்கப் போர்டு வைத்தேன். பந்து விளையாடக் கூடாது. சைக்கிள் ஓட்டக் கூடாது. படிக்கட்டில் கூட்டமாக உட்காரக் கூடாது. சுவரில் கால் வைத்துச் சாயக் கூடாது. ஒவ்வொன்றின் கீழும் 'செயலாளர்' என்று சிவப்பில். சரித்திரத்தில் இடம் பிடிக்க ஆளுக்கொரு வழி.

இப்படிக் கௌரவமாக வாழ்ந்துகொண்டிருந்த எங்கள் மேல் இல்லமானி வந்து விழுந்தது.

வீடு விற்பவன் பொய் சொல்வான். வாங்கியவன் அந்தப் பொய்யை அடுத்தவனுக்கு விற்பான். இந்தச் சங்கிலியை யாரோ ஒரு புத்திசாலி உட்கார்ந்து யோசித்திருக்கிறான். ஒரு வீட்டைப் பற்றி உண்மை தெரிந்த ஒரே ஆசாமி அங்கே வளரும் பிள்ளைதான் என்று கண்டுபிடித்தான். பிள்ளையிடம் வாயால் கேட்டால் அதுவும் பொய் சொல்லும், நாம்தானே வளர்க்கிறோம். அதனால் உடம்பைக் கேட்டார்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை. ஒரு வாரம் கழற்றாமல் போட்டிருந்தால் இதயத் துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் கூட்டிப் பிசைந்து, வீட்டுக்குள் வரும்போது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நிம்மதி என்று நூற்றுக்கு ஓர் எண் கொடுக்கும். நிம்மதி எண். இப்போது அது இல்லாத வீட்டை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பெரியவர்களை ஏன் அளக்கவில்லை என்று கேட்டேன். அளந்து பார்த்தார்களாம். பெரியவர்களுக்கு வீட்டைப் பற்றி எந்த உணர்ச்சியும் பதிவாகவில்லையாம். மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் லேசாக நெஞ்சு படபடத்ததாம்.

வளாகத்துக்கு மொத்தமாகவும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் ஒரு கண்டிப்பான விதி. ஒரே ஒரு பிள்ளைக்குப் பூஜ்யம் வந்தாலும் வளாகத்துக்குச் சான்றிதழ் கிடையாது. பூஜ்யம் என்றால் அந்த வீட்டில் பிள்ளைக்கு ஏதோ கொடுமை நடக்கிறது என்று அர்த்தமாம்.

சங்கத் தலைவர் கோதண்டபாணி ஸார், மின்வாரியத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பழுதாகவும் பழுது நீக்கலாகவும் பார்க்கிறவர். "செக்ரட்டரி, பசங்களுக்கு ஒரு கோச்சிங் ஏற்பாடு பண்ணிடலாம்" என்றார்.

வீட்டை விரும்புவதற்குக் கோச்சிங். இதை வேறு தேசத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு இதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் ஒருவர் வந்தார். கிளப் ஹவுஸில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, "வீடுன்னா உங்களுக்கு என்ன தோணுது? மனசுவிட்டுச் சொல்லுங்க" என்றார். அவருக்கு அனுபவம் போதாது.

"எங்க வீடு ஒரு சார்ஜர். நாங்க போன். ராத்திரி சொருகுவாங்க, காலைல பிடுங்குவாங்க" என்றது ஒன்று.

"எங்க வீட்ல ஹால் கெஸ்ட்டுக்கு. கெஸ்ட் யாரும் வர்றதில்ல. நாங்களும் உக்காரக் கூடாது. சோபா கவர் இன்னும் பிரிக்கல."

"எங்கப்பா சுவத்துல சாயாதேங்கறாரு. எண்ணெய் படுமாம். விக்கறப்போ விலை குறையுமாம். அப்போ நாங்க இருக்கறது வீட்ல இல்ல மாஸ்டர், கடைல."

"எங்க வீட்ல டிவிதான் குடியிருக்கு. நாங்க அதுக்குத் துணைக்கு இருக்கோம்."

பின்னால் நின்ற பெற்றோர்கள் ஒருவர் பிள்ளையைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார்கள். தங்கள் பிள்ளையின் முறை வந்ததும் போனைப் பார்த்தார்கள். சோபா கவர் பிள்ளையின் அம்மா மட்டும், "அது லெதர், தெரியுமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

என் மகன் கபிலன், பதினான்கு வயது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து நாற்காலிகள் இரண்டும் காலி. "நீ சொல்லுப்பா" என்றார் மாஸ்டர். "நல்ல வீடு ஸார்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. எதற்கெல்லாம் பெருமைப்பட முடிகிறது என்பதில் நான் ஒரு ஆச்சரியம்.

ஒரு வாரம் பட்டை கட்டினார்கள். பெற்றோருக்கு ஒரு செயலி கொடுத்தார்கள். அதில் பிள்ளையின் கோடு ஏறி இறங்குவதை, ஷேர் மார்க்கெட் பார்ப்பதுபோல எல்லோரும் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தோம். முடிவு வந்தது. வளாகத்திலேயே முதலிடம் என் மகன். தொண்ணூற்றாறு. ஒவ்வொரு வீடாக மைசூர்பாகு கொடுத்தேன். "எப்படி ஸார் வளர்த்தீங்க?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் பெரிசா இல்ல. கொஞ்சம் டிசிப்ளின்" என்றேன். என் மனைவி மங்கை பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு பூஜ்யமும் வந்திருந்தது. இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்த ஜெனிட்டா.

பன்னிரண்டு வயதுப் பெண். தூத்துக்குடிக்காரர்கள். அப்பா கப்பலில் சமையல்காரர். எப்போதும் ஏதோ ஒரு கடலில் இருப்பார். அம்மா அமலி ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பெண் வீட்டில் இருந்ததைவிடப் படிக்கட்டில் இருந்தது அதிகம். என் போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். வழியில் போகிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்கும். "அங்கிள், நீங்க ஏன் எப்பவும் லிஃப்ட் பட்டனை மூணு தரம் அமுக்குறீங்க? அதுக்கு மறதியா?"

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவியது. 'அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ' என்று ஒருவர் போட்டார். கண்ணீர் வடிக்கும் பொம்மை முகத்தைப் பலர் போட்டார்கள். ஜெனிட்டாவுக்கு அதுவரை ஒரு தோசை ஊற்றித் தராத வீடுகளெல்லாம் திடீரென்று அவளுக்காகக் கலங்கின. குழந்தைகள் நலத்துறைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை. அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு மறுபடி அளக்கலாம் என்று இன்னொரு யோசனை. இரக்கத்துக்கும் இரண்டாவது யோசனைக்கும் நடுவில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தகவல் சொல்லச் செயலாளரை அனுப்பினார்கள்.

அமலி கதவைத் திறந்தபோது யூனிபார்மில் இருந்தாள். "வாங்க அண்ணாச்சி. நாக்காலில துணி கெடக்கு, ஒதுக்கிட்டு உக்காருங்க."

ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். நான் சுற்றி வளைத்தால் கேட்கிறவர்களுக்கு விஷயம் இன்னும் சீக்கிரம் புரிந்துவிடும்.

"எம் பிள்ளைய நான் கொடுமைப்படுத்துதேன்னு சொல்லுதாவளா?"

"நான் சொல்லலைம்மா. மெஷின் சொல்லுது."

"மெஷினுக்கு வாயில்ல அண்ணாச்சி. நீங்கதான் சொல்லுதீய." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒரு நாளைக்கு எத்தன மெஷினோட நான் மல்லுக்கட்டுதேன் தெரியுமா? தப்பா காட்டுனா மொதல்ல மெஷினத்தான் பாப்போம். ஆள வெளிய அனுப்ப மாட்டோம்."

உள்ளறையிலிருந்து ஜெனிட்டா தலையை நீட்டினாள். "அங்கிள், ஜீரோன்னா நான்தான் கடைசியா? அப்போ எனக்கும் ஸ்வீட் உண்டா?"

வெளியே வந்து, வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்யும் ஒரு காரியத்தைச் செய்தேன். ஒருவர் சொன்னதை யோசித்தேன். இல்லமானிக் கம்பெனிக்குப் போன் பண்ணி மெஷினைப் பார்க்க ஆள் அனுப்பச் சொன்னேன்.

ஹாஜிரா என்று ஒரு பெண் வந்தாள். கிளப் ஹவுஸில் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு கோடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டாள்.

"மெஷின் சரியாத்தான் ஸார் இருக்கு. நீங்கதான் அது எதை அளக்குதுன்னு கேக்கல. வெளியில பிள்ளையோட பதற்றம் எவ்வளவு, உள்ள வந்ததும் எவ்வளவு. அந்த இறக்கம்தான் எண்."

"சரி, இந்தப் பொண்ணுக்கு இறங்கலை."

"இறங்க எங்க ஸார் இடம் இருக்கு? பாருங்க." ஜெனிட்டாவின் கோடு தரையோடு தரையாக, தூங்குகிற நாய்மாதிரிப் படுத்திருந்தது. "இது வீடு. இது லிஃப்ட். இது மாடிப்படி. இது கேட் வாசல். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கா. ஸ்கூல் பஸ்ஸை விட்டு இறங்கி உங்க காம்பவுண்டுக்குள்ள கால் வெச்சதுமே அவளுக்கு வீடு வந்துடுது. அதுக்கப்புறம் கதவைத் திறந்தா என்ன, திறக்காட்டா என்ன? இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்ல."

"அப்போ என் பையன்?"

கபிலனின் கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. வளாகத்து வாசலில் ஏறியது. விளையாட்டு மைதானத்தில் இன்னும் ஏறியது. லிஃப்டில் உச்சம்.

"வெளியில இவனுக்கு என்ன ஸார் பயம்?"

எனக்குத் தெரிந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் அவனைப் 'போர்டு' என்று கூப்பிடுகிறார்கள். அவன் வந்தால் பந்தை மறைக்கிறார்கள். போய் அப்பாவிடம் சொல்லிவிடுவானாம். இத்தனைக்கும் அவன் என்னிடம் பேசுவதே இல்லை.

"சரி, வீட்டுக்குள்ள வந்ததும் இறங்கிடுதே" என்றேன்.

அவள் பொத்தானைத் தட்டிப் பெரிதாக்கினாள். "இது மெயின் டோர் ஸார். இங்க இறங்கல. கொஞ்சம் ஏறியிருக்கு. அந்த நேரத்துல ஹால்ல யாராவது இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

"இது ஹால். இங்கயும் இறங்கல. இதோ, இங்க வந்து அப்படியே விழுது பாருங்க. இது எந்த இடம்?"

"அவன் ரூம்."

"தாழ்ப்பாள் போடுவானா?"

நான் தலையாட்டினேன். அவள் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்தாள். நோயாளிக்கு முன்னால் டாக்டர்கள் ரிப்போர்ட்டை மடிப்பார்களே, அப்படி. "வீடு எங்க ஆரம்பிக்குதுன்னு மெஷினுக்குத் தெரியாது ஸார். பிள்ளை எங்க இறங்குதோ அதுதான் வீடுன்னு எடுத்துக்கும்."

ஊரெல்லாம் மைசூர்பாகு கொடுத்தது நினைவுக்கு வந்தது. என் மகன் என்னிடமிருந்து தப்பித்த வேகத்துக்கு நெய்யில் செய்து கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கினேன். கபிலன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அந்தப் பெண் நம் வளாகம் முழுவதையும் வீடாக நினைக்கிறாள், அதனால்தான் பூஜ்யம், இது நமக்குப் பெருமை என்று சொன்னேன். கேட்டதும் எல்லோரும் உருகிப்போவார்கள் என்று எதிர்பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதிலும் எனக்கு மனிதர்களைப் பற்றி இப்படியெல்லாம் தோன்றுகிறது.

கோதண்டபாணி ஸார் கண்ணாடியைத் துடைத்தார். "அதாவது வித்தியாசம்தான் மார்க். உள்ளே நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ஸார், நான் சொல்ல வந்தது…"

"உள்ளே மாத்தறது செலவு. வெளியே மாத்தறது சுலபம்." மின்வாரியம் விழித்துக்கொண்டது. "காரிடார்ல பாதி பல்பைக் கழட்டிடுவோம். மத்தப் பசங்களுக்கும் எண் கூடும்."

"லிஃப்ட் லேசா குலுங்கினாக்கூட நல்லதுதான்" என்றார் பொருளாளர்.

"அது ஏற்கெனவே குலுங்குது."

"இன்னும் கொஞ்சம்."

"ஒரு நல்ல நாய் வாங்கிக் கீழே விடலாம்" என்றது ஒரு குரல். பிள்ளைகள் மேல் பாசம் இல்லாதவர்கள் இல்லை இவர்கள். எல்லோரும் பிள்ளைகள் பெயரில் வீடு எழுதி வைத்திருக்கிறவர்கள்.

பல்புகள் கழற்றப்பட்டன. நாயும் வந்தது. பெரிய தலை, சிவந்த கண். பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. செயலியில் கோடுகள் அழகாகச் சரிந்தன. பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். ஜெனிட்டா மட்டும் இருட்டு காரிடாரில் டார்ச் அடித்துச் சுவரில் நிழல் பொம்மை காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டே நாளில் அந்த நாய் அவள் காலடியில் படுத்துத் தூங்கியது. அதற்குச் 'செக்ரட்டரி' என்று பேர் வைத்திருந்தாள்.

"சும்மா இல்ல அங்கிள். இதுவும் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும், யாரையும் கடிக்காது."

அவள் கோடு அசையவில்லை. மறு அளவெடுப்பு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒரு நாள் மட்டும்; பட்டைகள் அதுவரை பிள்ளைகள் கையிலேயே இருந்தன. கோதண்டபாணி ஸார் என்னைத் தனியாக அழைத்தார்.

"செக்ரட்டரி, பல்பு, நாய் எல்லாம் வேலைக்காகலை. ஆள் வேணும். உங்க பையன்தானே டாப்? அவனை எப்படி வளர்த்தீங்களோ, அதை அந்தப் பொண்ணுகிட்டயும் கொஞ்சம் காட்டுங்க. இல்லேன்னா பாவம், அவங்க காலி பண்ண வேண்டியதுதான். வெல்ஃபேர்காரங்களும் வருவாங்க. நாம நல்லதுக்குத்தானே செய்யறோம்."

இதைவிடத் துல்லியமாக என்னை யாரும் பாராட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜெனிட்டா படிக்கட்டில் இருந்தாள், பக்கத்தில் நாய். நான் லிஃப்டை விட்டு, விறைப்பாக இருக்கட்டும் என்று படியேறி வந்தேன். புருவத்தைச் சுளித்தேன். "ஏய், இங்கே உட்காரக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?"

"மூச்சு வாங்குதே அங்கிள். உக்காருங்க." நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். பயமுறுத்த வந்தவனுக்கு முட்டி வலி இருக்கக் கூடாது. அவள் நோட்டைக் காட்டி ஒரு கணக்குக் கேட்டாள். தவறாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் திருத்தினாள். நாய் என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, ஆள் ஒன்றும் ஆபத்தில்லை என்று தூங்கப் போனது.

என்னால் கத்த முடியவில்லை. அப்போதுதான் அந்த நல்ல யோசனை வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். பக்குவமாக, அன்பாக, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல. அவளுக்கே விஷயம் புரிந்தால் அவளே ஏதாவது செய்துகொள்வாள். என் மனசுக்கும் பாரம் குறையும்.

"ஜெனிட்டா, உன் நம்பர் ஏன் பூஜ்யம் தெரியுமா? உனக்கு இங்க எல்லா இடமும் உன் வீடு மாதிரியே இருக்கு. அது நல்ல விஷயம். ஆனா மெஷினுக்கு அது புரியாது. ஞாயித்துக்கிழமையும் பூஜ்யம் வந்தா, உங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. உங்கம்மாவைப் பத்தியும் தப்பாப் பேசறாங்க."

"யாரு அங்கிள்?"

"எல்லாரும்தான்."

"ஏழாவது மாடி ஆன்ட்டி?"

"அவங்களும்."

"மிதுனா அம்மா? நேத்துதான் எனக்குத் தலை பின்னி விட்டாங்க."

அவள் நாயின் காதைத் தடவினாள்.

"நாங்க வாடகைக்கு இருக்கோம்னு தெரியும் அங்கிள். படிக்கட்டும் வாடகையா?"

"இல்லைம்மா. படிக்கட்டு எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்கும்னா?"

அன்பாகப் பேசிக்கொண்டிருந்த வேகத்தில் சரியான தகவலைச் சொல்லிவிட்டேன். "ஓனர்ஸுக்கு."

அவள் எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தான் உட்கார்ந்திருந்த இடத்தில் பென்சில் சீவிய தூள் கிடந்ததைக் குனிந்து ஒன்று விடாமல் கையில் எடுத்துக்கொண்டாள். "ஸாரி அங்கிள்" என்றாள். படியிறங்கிப் போனாள். கீழே இரண்டாவது மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாய் என்னைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டாவுக்கு எண்பத்தொன்பது.

கிளப் ஹவுஸில் கை தட்டினார்கள். வாசலில் மாட்டச் சான்றிதழைப் பித்தளையில் அடித்து வைத்திருந்தார் தலைவர். முன்கூட்டியே ஆர்டர் கொடுத்திருப்பார் போல. "என்ன பண்ணீங்க செக்ரட்டரி?" என்று காதோடு கேட்டார்.

"அன்பாப் பேசினேன்."

"அதெல்லாம் எனக்கு வராது" என்றார், நிஜமான மரியாதையோடு.

ஹாஜிரா கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட் வாசலிலேயே ஏறத் தொடங்கி, லிஃப்டில் உச்சத்துக்குப் போய், கதவுக்குப் பின்னால் பொத்தென்று விழும் கோடு. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பைக்குள் சாமான்களை அடுக்கி, பட்டைகளைத் திங்கள்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அமலி வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு பெட்டி தூத்துக்குடி மக்ரூன். "பெரிய உபகாரம் அண்ணாச்சி. வேற வீடு தேடணுமேன்னு ஒறங்கவே இல்ல. என்ன மாயம் பண்ணினியளோ, பிள்ளை இப்பம் வெளிய சுத்துததே இல்ல. வந்ததும் கதவ அடச்சுட்டு உள்ளயே இருக்கா. ஒரு சத்தம் கிடையாது."

மக்ரூனை வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன சொல்வது? மங்கை சமையலறையிலிருந்து வந்து என் கையிலிருந்த பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். அதை ஏதோ சட்டையில் ஒட்டியிருந்ததை எடுப்பதுபோல எடுத்தாள்.

அமலி போனதும் கபிலனின் அறைத் தாழ்ப்பாள் திறந்தது. சாப்பாட்டு வேளை அல்ல. அவன் ஹாலுக்கு வந்து நின்றான். அவனை இவ்வளவு வெளிச்சத்தில் பார்த்து நாளாகியிருந்தது. மேலுதட்டில் லேசாக மீசை.

"அவகிட்ட என்னப்பா சொன்னே?"

"யார்கிட்ட?"

"லிஃப்ட்ல பார்த்தேன். நான் ஏறினதும் மூலைல போய் நின்னுக்கிட்டா. எப்பவும் என்கிட்ட ஏதாவது பேசுவா. எல்லாரும் போர்டுன்னு கூப்பிடறப்போ, அவ மட்டும் நோட்டீஸ் போர்டா, சர்க்யூட் போர்டான்னு கேப்பா." கோபத்தில் அவன் குரல் இரண்டாகப் பிளந்தது, வயசுக்கோளாறு. "இன்னிக்கு 'நான் படில வந்துக்கறேன்'னு சொல்லிட்டு முதல் மாடிலயே இறங்கிட்டா. என்ன சொன்னே?"

"அவங்க நல்லதுக்குத்தான் கபிலா. இல்லேன்னா காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க."

"அந்தச் சான்றிதழைத் திருப்பிக் குடுத்துட முடியுமா?"

நான் வாயைத் திறந்தேன். நூற்று இருபது குடும்பம், பொதுக்குழுத் தீர்மானம், மறுவிற்பனை என்று வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. நல்ல பயிற்சி பெற்ற வார்த்தைகள்.

"வேண்டாம், விடு" என்றான். என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்புகூட இல்லை. ஓடாத லிஃப்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. இது ஓடாது, படியில் போக வேண்டியதுதான் என்று முடிவு பண்ணிவிட்ட பார்வை.

அவன் தன் அறைக்குத் திரும்பவில்லை. செருப்பை மாட்டினான்.

"எங்கடா?"

"அவ வீட்டுக்கு."

"போய் என்ன சொல்லுவே?"

"தெரியல."

கதவைத் திறந்துகொண்டு இருட்டு காரிடாருக்குப் போனான். நான் பின்னால் போகவில்லை. தைரியம் இருக்கிறவர்கள் பின்னால் போவார்கள்; நான் போனை எடுத்துச் செயலியைத் திறந்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது, கீழே அவன் இருக்கும் இடத்தின் பெயரோடு. எங்கள் மாடி வராந்தாவில் ஏறியது. படி இறங்கும்போது இன்னும் ஏறியது. நடுவில் ஓரிடத்தில் நின்று துடித்தது. அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் போர்டும், அதன் கீழே நாயும். திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு மறுபடி நகர்ந்தது. இரண்டாவது மாடி. அவர்கள் கதவு. அங்கே அது திரையின் விளிம்பை முட்டியது. இதற்கு மேல் ஏற இடமில்லை.

மங்கை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் அது அப்படியே நின்றது. யாரும் திறக்கவில்லை போலிருக்கிறது. பிறகு யாரோ திறந்திருக்க வேண்டும். கோடு முதலில் தயங்கி, அப்புறம் படிப்படியாக, அப்புறம் மொத்தமாக இறங்கியது. அவன் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இறங்கும் இடத்தையும் தாண்டிக் கீழே போயிற்று. தரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

என் கையில் போன் ஒருதரம் அதிர்ந்தது. இறக்கத்தைக் கண்டால் செயலி பெற்றோருக்குத் தானாக அனுப்பும் செய்தி ஒன்று உண்டு. பச்சை எழுத்தில், பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுப் படத்தோடு வரும்.

'உங்கள் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்.'